அழுதவளின் ஏடு

இங்கிலாந்து நாட்டின் டார்பிஷயர் பகுதியில், செஸ்டர்ஃபீல்டு நகருக்கு அருகே சவுத்கேட் மாளிகை என்றோர் இல்லம் இருந்தது. 1934ஆம் ஆண்டில் ஒரு நாள் அங்கு விருந்தினர் சிலர் மேசைப்பந்து ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவருடைய காலில் மிதிபட்டுப் பந்து நசுங்கிவிட்டது. வேறு பந்தைத் தேடி, வீட்டுக்கு உடையவரான கர்னல் பட்லர் பௌடன் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே தோல் அட்டையிட்ட பழைய ஏடுகள் ஒழுங்கின்றிக் குவிந்து கிடந்தன. இவற்றையெல்லாம் நெருப்பில் போட்டால்தான் இனிப் பந்து கிடைக்கும் என்று அவர் சலித்துக்கொண்டாராம். எரிப்பதற்கு முன் விவரம் அறிந்தவர் எவரிடமாவது காட்டுவது நல்லது என்று விருந்தினர் ஒருவர் தடுத்திருக்கிறார். இச்செய்தியைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் கர்னலின் மகன்.

அந்தக் குவியலில் இருந்த ஓர் ஏடு இலண்டனுக்குச் சென்றது. அது இன்னதென்று எவருக்கும் விளங்கவில்லை. அப்போது இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹோப் எமிலி ஆலன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை அழைத்துக் காட்டினார்கள். இடைக்கால ஆங்கில பக்தி நூல்களில் தோய்ந்திருந்த அவர், அதை இன்னாருடைய நூல் என்று அடையாளம் கண்டார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக முழு உருவில் காணப்படாதிருந்த மார்ஜரி கெம்ப் என்பவருடைய நூல் அது. ஆங்கில மொழியில் நமக்குக் கிடைத்துள்ள முதல் தன்வரலாறு என்று அதனை இன்று பலரும் கூறுகின்றனர். அதை உரைத்தவர் அரசியல்லர். மடத்துத் தலைவியும் அல்லர். பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற ஒரு குடும்பப் பெண்.

பட்லர் பௌடன் குடும்பம், சமயப் பிளவுக் காலத்தின் அடக்குமுறையிலும் கத்தோலிக்க விசுவாசத்தைக் கைவிடாத பழங்குடும்பங்களில் ஒன்று. ஏடு தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காப்பாற்றியவர்களே அதைப் படிக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

மார்ஜரி ஏறத்தாழ 1373ஆம் ஆண்டில் நார்ஃபோக் கடற்கரையிலுள்ள லின் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை ஜான் பிரன்ஹாம் ஐந்து முறை அந்நகரின் தலைவராக இருந்தவர், பாராளுமன்றத்திலும் அமர்ந்தவர். இருபது வயதளவில் ஜான் கெம்ப் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். முதற்பேறு கடுமையாக இருந்தது. சாவுக்கு அஞ்சிக் குருவானவரை அழைத்து, நெடுநாளாக மறைத்து வைத்திருந்த ஒரு பாவத்தை அறிக்கையிட முனைந்தார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே குருவானவர் கடிந்துகொண்டார். மார்ஜரி வாயடைத்துப் போனார். அதன் பிறகு அரை ஆண்டுக்கும் மேலாகச் சித்தம் கலங்கிக் கிடந்தார். தம் கையையே கடித்துக்கொள்ளும் நிலைக்குப் போனதால் கட்டி வைத்தார்கள். பிறகு ஒரு நாள், செந்நீலப் பட்டு மேலாடை அணிந்த ஆண்டவர் தம் கட்டிலின் ஓரத்தில் வந்து அமர்ந்து, நான் உன்னைக் கைவிடாதிருக்க நீ ஏன் என்னைக் கைவிட்டாய் என்ற பொருளில் கேட்டதாக அவர் கூறுகிறார். தெளிவு பெற்றதும் முதலில் அவர் கேட்டது சரக்கறையின் சாவிகளை.

இப்படிச் சாவிக்கொத்தையும் சொல்லாமல் விடாததே இந்த நூலின் தனிச்சிறப்பு. புனிதையரின் வரலாறுகளில் நாம் வழக்கமாகக் காணும் நேர்கோடு இங்கு இல்லை. மனமாற்றத்துக்குப் பின்னும் அவர் பகட்டான உடை உடுத்துகிறார்; அண்டை வீட்டாரைவிடத் தாம் குறைந்தவராகத் தெரிந்துவிடக்கூடாது என்று ஆசைப்படுகிறார். பீர் வடிக்கும் தொழிலைத் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள் நடத்திப் பணத்தை இழக்கிறார். குதிரை இழுக்கும் மாவு ஆலை வைக்கிறார். குதிரைகள் இழுக்க மறுக்கின்றன. ஊரார் சிரிக்கிறார்கள். அதையும் மறைக்காமல் உரைக்கிறார்.

1413ஆம் ஆண்டு புனித யோவான் பிறப்புத் திருவிழாவுக்கு முந்தைய நாள், ஒரு வெள்ளிக்கிழமை, கணவனும் மனைவியும் யார்க் நகரிலிருந்து நடந்து வருகிறார்கள். கடும் வெயில். மனைவியின் கையில் பீர் நிறைந்த புட்டி. கணவரின் மார்புச் சட்டைக்குள் ஓர் அப்பம். இல்லறத் தொடர்பைத் துறந்து கற்பு வார்த்தைப்பாட்டுடன் வாழவேண்டும் என்று மார்ஜரி பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார், கணவர் இணங்கவில்லை. அன்று ஒரு சிலுவையடியில் அமர்ந்து பேரம் நடக்கிறது. கணவர் சில நிபந்தனைகள் விதிக்கிறார். அவருடைய கடனை மார்ஜரி அடைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டு அவருடன் உண்ணவேண்டும். மார்ஜரி வயலுக்குள் சென்று முழந்தாளிட்டுச் செபிக்கிறார். திரும்பி வந்து சம்மதிக்கிறார். பிறகு இருவரும் சிலுவையடியில் செபித்து, மகிழ்ச்சியோடு உண்டு குடிக்கிறார்கள். இடைக்காலத் திருமணத்தைப் பற்றி எத்தனையோ சட்ட நூல்கள் உள்ளன. ஆனால் ஒரு மனைவியும் கணவரும் இவ்வாறு பேசிக்கொண்டதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

பின்னர் அவர் எருசலேமுக்குத் திருப்பயணம் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் அவருடைய ஓயாத இறைப்பேச்சைப் பொறுக்கமாட்டாமல் அவருடைய மேலங்கியை முழங்காலுக்குச் சற்றுக் கீழே கத்தரித்து, முரட்டு வெள்ளைத் துணியைக் கோணிபோல் போர்த்தி, பந்தியின் கடைசியில் உட்கார வைத்தார்கள். சோதனை மலையில் ஏற அவருக்குக் கைகொடுக்க அவர்கள் மறுத்தபோது உதவியவர் அவ்வழியே வந்த ஓர் இஸ்லாமியர். கல்வாரி மலையில்தான் அந்தப் பெருங்குரல் அழுகை முதன்முதலாக அவரை ஆட்கொண்டது. தரையில் விழுந்து, கைகளை விரித்து, நெஞ்சு பிளப்பதுபோல் ஓலமிட்டார். அதன் பிறகு பல ஆண்டுகள், சிலுவையைக் கண்டாலும், யாரேனும் குழந்தையை அடிக்கக் கண்டாலும், அழுகை பீறிடும். மறையுரை தடைபடும். சிலர் அதை நடிப்பு என்றார்கள். சிலர் பேய் என்றார்கள். சிலர் குடிவெறி என்றார்கள். அழுகையையும் பக்தியின் மொழியாக அறிந்த நமக்கு அவர் அவ்வளவு விந்தையாகத் தோன்றமாட்டார். ஆனால் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவர்களுக்கு அவர் பெருந்தொல்லையாகத்தான் இருந்திருப்பார்.

தொல்லையோடு ஆபத்தும் இருந்தது. விக்ளிஃபின் கருத்துகளைப் பின்பற்றிய லொல்லார்டுகளைத் தப்பறையினர் என்று தேடிப் பிடித்த காலம் அது. 1401இல் அக்குற்றத்துக்காக எரிக்கப்பட்ட வில்லியம் சாட்ரி என்னும் குரு, மார்ஜரியின் சொந்தப் பங்கான லின் புனித மார்கரீத் ஆலயத்தில் பணியாற்றியவர். ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று நற்செய்தியைப் பற்றிப் பேசினால் சந்தேகம் எழாமல் இருக்குமா? 1417இல் லெஸ்டரிலும், யார்க்கிலும், பெவர்லியிலும் அவரைப் பிடித்து விசாரித்தார்கள். யார்க் பேராயர் ஹென்றி பௌவெட் முன் அவர் நடுங்கிக்கொண்டே நின்றார். கை நடுங்குவது தெரியாமலிருக்க ஆடைக்குள் மறைத்துக்கொண்டார். விசுவாசக் கோட்பாடுகளைக் கேட்டபோது பிழையின்றிப் பதில் சொன்னார். பெண் போதிக்கக்கூடாது என்று பவுலடியார் சொல்லியிருக்கிறாரே என்று ஒரு குரு நூலைக் கொண்டுவந்து காட்டினார். நான் மேடை ஏறிப் போதிக்கவில்லை. நல்ல வார்த்தைகளைப் பேசுகிறேன், உயிருள்ளவரை பேசுவேன் என்று மார்ஜரி விடையளித்தார்.

குருக்களைப் பற்றி இவள் மிக மோசமான கதை ஒன்றைச் சொன்னாள் என்று அங்கே ஒருவர் குற்றம் சாட்டினார். பேராயர் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார். காட்டில் வழி தவறிய ஒரு குரு பூத்துக் குலுங்கும் பேரி மரத்தைக் காண்கிறார். கரடி ஒன்று வந்து மரத்தை உலுக்கிப் பூக்களையெல்லாம் தின்று, அவர் முகத்துக்கு நேரே பின்புறத்தைத் திருப்பிக் கழித்துவிட்டுப் போகிறது. பிறகு வழியில் சந்தித்த முதியவர் ஒருவர் அதற்கு விளக்கம் சொல்கிறார்: மரமும் நீரே, கரடியும் நீரே, அருள்சாதனங்களை நிறைவேற்றுகையில் பூக்கிறீர், உம் நடத்தையால் அந்தப் பூவையெல்லாம் மலமாக்குகிறீர். பேராயருக்குக் கதை பிடித்துவிட்டது. குற்றம் சாட்டியவரோ, இக்கதை என் நெஞ்சில் தைக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் பேராயர் ஓர் ஆளுக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்து, இவளைச் சீக்கிரம் என் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடு என்றார். கதையைப் புகழ்வார்கள், சொன்னவளை அனுப்பிவிடுவார்கள். இந்த வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

மார்ஜரிக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று நூலே சொல்கிறது. முதலில் எழுதிக் கொடுத்தவர் ஜெர்மானிய நாட்டில் குடியிருந்த ஓர் ஆங்கிலேயர். அவர் மார்ஜரியின் மகனாகவே இருக்கவேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். டான்சிக் நகரில், அதாவது இன்றைய கிடான்ஸ்கில், 1431ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் என்பவருக்காக எழுதப்பட்ட கடிதம் ஒன்றைச் செபாஸ்டியன் சொபெக்கி என்னும் ஆய்வாளர் அண்மைக் காலத்தில் கண்டெடுத்தது இக்கருத்துக்கு வலுவூட்டியது. அந்த முதல் பிரதி ஆங்கிலமும் அல்லாமல் ஜெர்மனும் அல்லாமல், எழுத்தும் உருவழிந்து, எவராலும் படிக்க முடியாததாக இருந்தது. அதைத் திருத்தி எழுத ஒரு குருவானவர் இசைந்தார். ஆனால் மார்ஜரியின் மீதிருந்த அவதூறுக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு, 1436இல்தான் தொடங்கினார்.

அந்தக் குருவின் தயக்கத்தை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். புகழ்பெற்ற துறவி ஒருவர் லின் நகரில் மறையுரைக்கு மேல் மறையுரையாக மார்ஜரியின் அழுகையைச் சாடியபோது, இவரும் மார்ஜரியை நம்பாமல் விலகிப்போனார். அவரைத் திரும்ப அழைத்து வந்தது ஒரு புத்தகம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த ஓய்ன்யி நகர் மரியா என்னும் புண்ணியவதியின் வரலாறு அது. பிற்காலத்தில் கர்தினாலான ஜாக் தெ வித்ரி எழுதியது. அந்த மரியாவும் ஆண்டவரின் பாடுகளை நினைத்தால் அழுகையை அடக்க முடியாதவர். ஆலயத்தில் அழவேண்டாம் என்று தடுத்த குருவே பூசையில் அழுகையை அடக்க முடியாமல் தவித்தாராம். இதைப் படித்த பின்னரே நம் குருவானவர் மார்ஜரியை நம்பினார். ஒரு பெண்ணின் வரலாற்றை எவரோ எழுதி வைத்திருந்ததால் இன்னொரு பெண்ணின் வரலாறு எழுதப்பட்டது. முந்தையது காணாமற் போயிருந்தால் பிந்தையதும் பிறந்திருக்காது. மறக்கப்பட்ட பெண்களை மீட்டெடுப்பது எதற்காக என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

நூல் எழுதி முடிந்தது. அதன் ஒரு படி யார்க்ஷயரில் மவுண்ட் கிரேஸ் என்னும் கர்த்தூசியன் மடத்தை அடைந்தது. மௌனத் துறவிகள் அதை அன்போடு வாசித்து, ஓரங்களில் சிவப்பு மையால் குறிப்பெழுதினார்கள். ஆனால் வெளியுலகத்துக்குச் சென்றது வேறொரு மார்ஜரி. 1501ஆம் ஆண்டளவில் வின்கின் டி வொர்ட் என்னும் அச்சகத்தார் ஏழு பக்கத்தில் ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார். அதில் ஆண்டவர் பேசுகிறார். ஓர் ஆன்மா அடக்கமாகக் கேட்கிறது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, பேராயர் இல்லை, கரடி இல்லை. ஓலமும் ஏறத்தாழ இல்லை. 1521இல் ஹென்றி பெப்வெல் அதை மறுபதிப்புச் செய்தபோது, மார்ஜரியை அடைபட்ட அறையில் தவமிருந்த துறவி என்றே குறிப்பிட்டுவிட்டார். ஐரோப்பாவின் பாதியைச் சுற்றி வந்த பெண்ணை நான்கு சுவர்களுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மவுண்ட் கிரேஸ் மடத்தைக் கலைத்தபின் முழு நூல் கண்ணுக்கு மறைந்தது. நானூறு ஆண்டுகள் அந்த ஏழு பக்கமே மார்ஜரி கெம்ப்.

எனவே 1934இல் ஏடு கிடைத்தபோது அறிஞர்கள் அடக்கமான ஒரு தவமங்கையை எதிர்பார்த்திருந்தார்கள். கிடைத்ததோ ஓலமிடும் குடும்பப் பெண். ஏமாற்றம் பலரிடம் வெளிப்பட்டது. 1936இல் கர்னல் பட்லர் பௌடன் எளிய ஆங்கிலத்தில் வெளியிட்ட பதிப்பில், இறையுரையாடல் மிகுந்த அதிகாரங்கள் நூலின் பின்னிணைப்பாக ஒதுக்கப்பட்டன. பயணமும் வம்பும் முன்னால் நின்றன. முன்பு பெண்ணை நீக்கிவிட்டுச் செபத்தை வைத்துக்கொண்டார்கள். இப்போது செபத்தை ஒதுக்கிவிட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டார்கள். காட்சிகளையும் அற்புதங்களையும் ஆராய்வதில் பெயர்பெற்ற இயேசு சபைக் குரு ஹெர்பர்ட் தர்ஸ்டன், மார்ஜரியிடம் நரம்புத் தளர்ச்சியின் அறிகுறிகளையே மிகுதியாகக் கண்டார். அவர் கற்றறிந்தவர், நேர்மையானவர். ஆயினும் ஜாக் தெ வித்ரியின் நூல் லின் நகரக் குருவுக்குக் கற்பித்தது அவருடைய கண்ணில் படவில்லை என்றே தோன்றுகிறது.

அதைக் கண்டவர் ஹோப் எமிலி ஆலன். மார்ஜரி தனித்த விந்தையல்லர். ஓய்ன்யி நகர் மரியா, சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித் முதலிய கண்டத்துப் பெண் மறைஞானியரின் வரிசையில் வைத்தே அவரை விளங்கிக்கொள்ளமுடியும் என்று அவர் கருதினார். மார்ஜரி உரோமையில் புனித பிரிஜித்தின் பணிப்பெண்ணைத் தேடிச்சென்று பேசியதை நூலே சொல்கிறது. ஆலன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிலையான பதவி வகித்தவரல்லர். ரிச்சர்டு ரோல் பற்றிய பெரும் ஆய்வை 1927இல் வெளியிட்டுப் பெயர் பெற்றிருந்தார். ஆயினும் 1940இல் மூலநூல் அச்சேறியபோது பதிப்பாசிரியராக முன்னின்றது சான்ஃபோர்டு மீச் என்னும் இளம் மொழியறிஞரின் பெயர். ஏட்டை அடையாளம் கண்டவரின் பெயர் முன்குறிப்புக்கும் அடிக்குறிப்புகளுக்கும் உரியதாக அதன் பின்னால் வந்தது. பெண் மறைஞானியர் பற்றிய தம் கருத்துகளை இரண்டாம் தொகுதியில் விரித்து எழுதுவதாக ஆலன் வாக்களித்தார். சேகரித்துக்கொண்டே இருந்தார், நூல் முடியவில்லை, 1960இல் காலமானார். 1980களுக்குப் பின் மார்ஜரியைப் பற்றி எழுதிக் குவித்தவர்களில் பலர் அவர் காட்டிய வழியிலேயே நடந்தனர்.

ஆராய்ச்சியாளர் செய்யக்கூடியது இது. கற்பனை எழுத்தாளர் செய்யக்கூடியது என்ன? இதற்கு விடை தேட, மார்ஜரி சந்தித்த இன்னொரு பெண்ணிடம் போகவேண்டும். நார்விச் நகரில் ஆலயச் சுவரையொட்டிய அறையில் வாழ்ந்த ஜூலியன் அம்மையாரை மார்ஜரி 1413ஆம் ஆண்டளவில் கண்டு, பல நாள் உரையாடினார். ஜூலியன் 1373இல், முப்பது வயதில், சாவின் விளிம்பில் ஆண்டவரின் பாடுகளைக் காட்சியாகக் கண்டு அதை எழுதியவர். அவருடைய நூலைக் காப்பாற்றியவர்கள், நாட்டைவிட்டு வெளியேறிக் கேம்ப்ரேயிலும் பாரிசிலும் வாழ்ந்த ஆங்கிலேய ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர். அவர்கள் கையால் படியெடுத்து வந்ததை 1670இல் செரீனஸ் கிரெஸி என்னும் குரு அச்சிட்டார். இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு ஜூலியனை மேற்கோள் காட்டுகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் மறையுரை முழுவதையும் அவருக்காகவே ஒதுக்கினார். மார்ஜரிக்கு ஆங்கிலிக்கன் சபையின் நாள்காட்டியில் நவம்பர் 9 நினைவுநாள். நம்முடைய நாள்காட்டியில் இடமில்லை.

இவ்விருவரில் மார்ஜரியின் வாழ்க்கை நமக்குத் தெரியும். ஜூலியனின் வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஜூலியன் என்பது இயற்பெயர்தானா, ஆலயத்தின் பெயரா என்பதும் உறுதியில்லை. அவர் கன்னியராக இருந்திருக்கவேண்டும் என்றே நெடுநாள் எண்ணி வந்தார்கள். ஆங்கிலிக்கன் துறவியும் அறிஞருமான பெனடிக்டா வார்டு, 1988இல் அதை மறுத்து, கொள்ளைநோயில் கணவரையும் குழந்தையையும் இழந்த கைம்பெண்ணாக அவர் இருந்திருக்கலாமே என்று வாதிட்டார். கடவுளின் தாய்மையைப் பற்றி அவ்வளவு ஆழ்ந்து எழுதியவர் தாயாக இருந்திருக்கக்கூடாதா? ஆராய்ச்சி அந்தக் கேள்வியோடு நிற்கவேண்டும், சான்று இல்லை. 2023இல் வெளிவந்த இரு நாவல்கள், விக்டோரியா மெக்கன்சி எழுதிய ஒன்றும் கிளேர் கில்பர்ட் எழுதிய ஒன்றும், அங்கிருந்து மேலே நடந்தன. இரண்டிலும் ஜூலியன் கணவரையும் குழந்தையையும் பறிகொடுத்தவர். மெக்கன்சி ஜூலியனையும் மார்ஜரியையும் மாறி மாறிப் பேசவிட்டு, அறையின் பலகணியருகே இருவரையும் சந்திக்க வைக்கிறார்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஜூலியன் தம்மைப் பற்றிப் பேசாமல் விட்டதை நாவல் நிரப்பும்போது நாம் எதையும் இழப்பதில்லை. அது கற்பனை என்று தெரிந்தே வாசிக்கிறோம். மார்ஜரியின் நிலை வேறு. அவருக்குக் குரல் இருக்கிறது, உரத்த குரல். அதன்மேல் வேறொரு குரலை வைப்பவர் மிகுந்த கவனத்தோடு வைக்கவேண்டும். 1994இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கிளக், மார்ஜரி இயேசுவின்மீது கொண்ட அன்பையும் தம் சொந்தக் காதலின் துயரத்தையும் பின்னி ஒரு நாவல் எழுதினார். பக்தியுள்ளம் கொண்டோர் பலருக்கு அது ஏற்காது. எனக்கும் பல இடங்களில் ஏற்கவில்லை. அங்கு மார்ஜரி ஆசிரியருக்குக் கருவியாகிவிடுகிறார். மெக்கன்சியின் நூல் அளவில் சிறியது, அடக்கமானது. மூலநூலைக் கையில் எடுக்கத் தூண்டுவது அதன் பெரும் நன்மை.

கற்பனை எழுத்தாளர் மார்ஜரிக்குச் செய்யக்கூடிய ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது என்று நினைக்கிறேன். பதினான்கு பிள்ளைகளில் ஒரு மகனைத் தவிர வேறெவரும் நூலில் வாய் திறப்பதில்லை. எத்தனை பேர் பிழைத்தனர், பெண்கள் எத்தனை பேர், தாய் எருசலேமில் இருந்தபோது அவர்களுக்குச் சோறிட்டவர் யார்? மறக்கப்பட்டவரின் நூலிலும் மறக்கப்பட்டவர்கள் உண்டு.

கணவரை மட்டும் அவர் மறக்கவில்லை. பிரிந்து வாழ்ந்த முதிய ஜான் கெம்ப் படிக்கட்டில் தவறி விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். மார்ஜரி அவரைத் தம்மிடம் அழைத்து வந்தார். பின்னர் அறிவும் மங்கிக் குழந்தைபோலாகிவிட்ட அவர், இருந்த இடத்திலேயே அசுத்தம் செய்தார். துவைக்கவும் குளிர்காயத் தீ மூட்டவும் ஆன செலவையும் உழைப்பையும் மார்ஜரி விடாமல் கணக்கிட்டுச் சொல்கிறார். செபத்துக்கு நேரமில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். இந்த உடலை இளமையில் எவ்வளவு விரும்பினோம் என்று எண்ணி, அதற்கான தண்டனையாக இப்பணியை மகிழ்வோடு ஏற்றேன், ஆண்டவருக்கே செய்வதாக எண்ணிச் செய்தேன் என்கிறார். 1501ஆம் ஆண்டு வெளியீட்டில் இப்பகுதி இடம்பெறவில்லை.

ஏடு இப்போது இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதைப் படியெடுத்தவர் சால்தௌஸ் என்று கையொப்பமிட்டிருக்கிறார். அவர் நார்விச் பேராலய மடத்தின் துறவி ரிச்சர்டு சால்தௌஸ் என்று 2017இல் அந்தனி பேல் நிறுவிக் காட்டினார். கடைசிப் பக்கத்தில், பிற்காலக் கையெழுத்தில், மங்கிப்போன சில வரிகள் உள்ளன. நெடுங்காலம் படிக்க முடியாதிருந்த அவற்றை லாரா கலாஸ் என்னும் ஆய்வாளர் அண்மையில் படித்துப் பார்த்தபோது, சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் சேர்த்துச் செய்யும் மருந்து மிட்டாய் ஒன்றின் செய்முறை தெரியவந்தது. ஆலன் எழுதி முடிக்காத இரண்டாம் தொகுதிக்கான குறிப்புகள், அவர் பயின்ற பிரின் மார் பெண்கள் கல்லூரியின் நூலகத்தில் அவருடைய பிற தாள்களோடு உள்ளன.